லேஞ்சி போட்ட மெகாவாட்

1. சீற் பிடித்தவன்

“…யன்னலுக்குள்ளால லேஞ்சியைப் போட்டு சீற் பிடிச்சு வச்சிட்டு, கீழ இறங்கிப் போய் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு நிக்கிறவன் மாதிரித்தான் தம்பி உங்கட கொம்பனி. உள்ளுக்குச் சீற் காலியாக் கிடக்குது. நாங்கள் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு நிக்கிறம். கேட்டா, ‘அதுக்கு ஆளிருக்கு’ எண்டுறியள்.”

இதைச் சொன்னவர் மெற்றில்டா அக்கா. சொன்ன இடம், பரமட்டாவுக்கு மேற்கே எங்கள் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள கவுன்சில் மண்டபம். எங்கள் டேட்டா சென்டரில் கணினிகள் வைக்கிற ஹோல் ஒன்று புதிதாகக் கட்டப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவதற்காக நாங்கள் கூட்டிய கூட்டம் அது. கேள்வி நேரம் வந்ததும் அக்கா மைக்கை வாங்கினார், “குட் ஈவினிங்” என்றார், அதற்கு மேல் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல், மேடை ஓரத்தில் கொம்பனிச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துத் தமிழில் தொடங்கிவிட்டார். மண்டபத்தில் தமிழ் விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்று நினைத்தேன். அது பிழை என்று பிறகு தெரிந்தது.

“அவ என்ன சொல்லுறா?” என்று எங்கள் சைட் மனேஜர் கிரெக் என் காதுக்குள் கேட்டார்.

“மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கம் வேணுமாம்” என்றேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே மறைக்காமல் சொல்கிறேன்: அன்று நான் மொழிபெயர்க்கவில்லை. நழுவினேன்.

லேஞ்சி என்றால் கைக்குட்டை. ஊரில் பஸ் வந்து நின்றதும், ஏறுவதற்கு முதலே யன்னலால் கையை விட்டு லேஞ்சியைச் சீற்றில் போட்டுவிட்டால் அது உங்கள் சீற். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். லேஞ்சி எவ்வளவு ஊத்தையாக இருந்தாலும் அதை எடுத்து எறிய ஒருவருக்கும் கை வராது. பிள்ளைத்தாச்சி நின்றுகொண்டு போவாள். லேஞ்சி இருந்துகொண்டு போகும்.

மெற்றில்டா அக்கா மன்னார்க்காரி. எங்கள் கம்பி வேலிக்கு மற்றப் பக்கம் அவருடைய சாப்பாட்டுத் தொழிற்சாலை. இடியப்பம், ரோல்ஸ், கட்லட் செய்து, உறைய வைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாலு பேர் அகதிகளாகக் கடலால் படகில் வந்து இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். ஆறு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவார்கள். ஓடர்கள் கூடிவிட்டன, இருக்கிற ஃப்ரீசர்கள் காணாது, பெரிய குளிர் அறை ஒன்று வேண்டும். அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். வருட முடிவில் லீஸ் முடிகிறது. அதற்குள் மின்சாரம் கிடைக்காவிட்டால் மலைப்பக்கம் தூரத்தில் ஒரு கட்டடம் பார்த்து வைத்திருந்தார். அங்கே பஸ் கிடையாது. அக்கா போகலாம்; அந்த ஆறு பேரும் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

மின் விநியோகம் செய்கிறவர்கள் அனுப்பிய பதில் இரண்டு வரி. இந்தப் பகுதிச் சப்ஸ்டேஷனில் இடமில்லை, எல்லாம் முற்பதிவாகிவிட்டது, புதுச் சப்ஸ்டேஷன் வரும்வரை சில வருடங்கள் பொறுக்கவும். முற்பதிவு செய்தது யார் என்று கடிதத்தில் இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் போதும், யன்னலே இல்லாத எங்கள் சாம்பல் நிறச் சுவர் தெரியும்.

அக்காவின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். ஒரு பின்னேரம் அவருடைய குசினிக் கதிரையில் இருந்து, சுடச்சுட ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

“எத்தினை அறை அக்கா?”

“இப்ப ஒண்டுதான். எண்டாலும் ரெண்டு எண்டு போடும் தம்பி. பிறகு தேவைப்பட்டா அப்ப எங்க ஓடுறது?”

இரண்டு என்று போட்டேன்.

2. பெட்டிக்குள் இருக்கும் அடுப்பு

என் பெயர் தாசன். கிரெக்குக்கு நான் ‘தாஸ்’. வன்னியில் மண்ணெண்ணெய்யில் ஓடுகிற தண்ணீர் மோட்டர் திருத்தித்தான் கை பழகியது. பள்ளிக்கூடத்தில் படித்த மின்சாரம் கொஞ்சம், கையைச் சுட்டுப் படித்தது அதைவிடக் கூட. இங்கே வந்து பலகைத் தொழிற்சாலையில் நின்றேன், ரேஃப் என்கிற தொழிற்கல்லூரியில் படித்து லைசென்ஸ் எடுத்தேன், ஜெனரேற்றர் மனுவல்களை அகராதி வைத்துக்கொண்டு வாசித்து ஆங்கிலம் படித்தேன். அதனால்தானோ என்னவோ, இன்றும் நான் ஆங்கிலம் பேசினால் எச்சரிக்கைப் பலகை பேசுவது மாதிரி இருக்குமாம். என் மகள் சொல்லுவாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது நல்ல கதை ஒன்று சொன்னால் சேட்டுப் பையிலிருக்கும் சின்னக் கொப்பியில் எழுதி வைப்பேன். எனக்கு முதன்முதல் டேட்டா சென்டர் வேலை காட்டித்தந்த குரோவேஷியக் கிழவர் சொன்னதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது: “பழுதாப் போற ஃபான் சத்தம் போடும். பழுதாப் போற மனுசன் சத்தம் போடமாட்டான். அதால ஆளைத்தான் முதல்ல பார்.”

டேட்டா சென்டர் என்றால் என்ன என்று மேய்ஸ் ஹில் கோயில் கார் நிறுத்துமிடத்தில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்லுவேன்: நீங்கள் போனில் எடுக்கிற படம் ஆகாயத்தில் போய் நிற்கிறதில்லை. எங்கள் ஹோலுக்குள் ஒரு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி மின்சாரத்தைக் குடித்து வெப்பத்தைக் கக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன அடுப்பு. ஆயிரக்கணக்கான அடுப்பை எரியவிட்டு, அறையைக் குளிராக வைத்திருக்க வேண்டும். அடுப்பும் அணையக் கூடாது, அறையும் சுடக் கூடாது. இதுதான் எங்கள் பிழைப்பு.

கண் வெட்டும் நேரம்கூட மின்சாரம் நிற்கக் கூடாது என்பதால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. பயத்துக்கு இங்கே வைத்திருக்கிற பெயர் ‘மார்ஜின்’. எதைக் கணக்குப் போட்டாலும் மேலே கொஞ்சம் கூட்டிப் போடுவது.

3. ஒரு கை அரிசி

கூட்டம் முடிந்த அடுத்த நாள் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. மத்தியானம் மீற்றர் அறைக்குப் போனேன். நாங்கள் சப்ஸ்டேஷனில் பிடித்து வைத்திருந்தது இருபது மெகாவாட். திரையில் ஓடிக்கொண்டிருந்தது எட்டரை. பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தேன். எவ்வளவு வெயில் எரித்த நாளிலும் ஒன்பதைத் தாண்டியதில்லை. புது ஹோல் வந்து நிரம்பினாலும் பதினான்குக்கு மேல் போக வழியில்லை.

பிறகு எங்கிருந்து வந்தது இருபது?

எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்குப் போட்ட பழைய லோட் ஷீற்றைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அது மறந்தே போயிருந்தது. கட்டடம் எழும்பும் காலத்தில், ஒவ்வொரு ஹோலுக்கும் எவ்வளவு வேண்டும் என்று அளந்து கொடுக்கச் சொன்னார்கள். அளந்தேன். அளந்ததற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடும்போது, எண்ணிப் போட்ட பிறகு ஒரு கை கூடப் போடுவார்கள். கேட்டால், “ஆரும் வந்தால்?” என்பார்கள். என் மனைவி இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது. அரிசிக்குப் போட வேண்டிய கையை மெகாவாட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கணக்கை வாங்கிய டிசைன் எஞ்சினியர், நான் கூட்டியது தெரியாமல், தன் பங்குக்குக் கூட்டியிருக்கிறார். அதை வாங்கிய தலைமை அலுவலகம் எதிர்காலத்துக்கு என்று கூட்டியிருக்கிறது. மூன்று பேரும் ஆளுக்கொரு கை. ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. வராத விருந்தாளிக்குப் பானை பானையாகச் சோறு. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை.

கொப்பியைத் திறந்து லேஞ்சிக் கதையை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன்.

4. பாலியில் கிடந்த துவாய்

கிரெக் நல்ல மனிதர். ஆனால் மெகாவாட் என்று வந்தால் காணிக்காரர். “தாஸ், இது நிலம் மாதிரி. விட்டாத் திரும்பி வராது” என்பது அவருடைய வாய்ப்பாடு. அதுவும் கொப்பியில் இருக்கிறது.

லோட் ஷீற்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். “இதில முதல் பிழை என்னுடையது” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு தரம் கழற்றி இரண்டு தரம் போட்டார்.

“இவ்வளவு வருஷம் கழிச்சு இதை ஏன் தோண்டுறாய்?”

“அண்டைக்கு மண்டபத்தில அந்தப் பொம்பிளை சொன்னதை நான் உங்களுக்குச் சரியாச் சொல்லேல்லை.”

“விளக்கம் கேட்டவ எண்டாய்.”

“இல்லை. எங்களைத் திட்டினவ.”

லேஞ்சி, பஸ், யன்னல், பிளேன்ரீ, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கிரெக் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அவர் பஸ்ஸில் ஏறியே பல காலமாகியிருக்கும். நான் கைவிட்டு எழும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

“பாலியில நீச்சல் குளத்துக் கதிரையில துவாயைப் போட்டிட்டுப் போவாங்களே, அந்த மாதிரியா?”

எனக்குப் பாலி தெரியாது. அவரே சொன்னார். போன வருடம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருக்கிறார். விடியக் காலமையே ஆட்கள் வந்து குளத்தைச் சுற்றியிருக்கிற சாய்வுக் கதிரையெல்லாவற்றிலும் துவாயைப் போட்டுவிட்டு, அறைக்குப் போய்த் திரும்பப் படுத்துவிடுவார்களாம். ஏழு நாளும் அவருடைய மாமியார் சீமெந்துத் தரையில் இருந்தாராம். சொல்லும்போதே கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

“ஒரு ஆளும் படுக்காத கதிரை, தாஸ்! ஒரு ஆளும்!”

“ஓம்” என்றேன்.

“நாங்கள்தானா அந்தத் துவாய்க்காரர்?”

“ஓம்” என்றேன்.

கிரெக் எழும்பிப் போய் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேற்றடியில் எங்கள் பெரிய பலகை: ‘நூறு வீதம் பசுமை மின்சாரத்தில் இயங்குகிறோம்’. அதற்கும் மெற்றில்டா அக்காவிடம் ஒரு கதை இருந்தது. “பகல்ல வெயிலை வாங்கிப்போட்டு ராவில கரியைக் குடிக்கிறியள். கடிதாசியில மட்டும் பச்சை.” முழுப் பொய் இல்லை அது. மேற்கே ஒரு சோலர் பண்ணையோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் வெயில் இறங்கி, ஊரே ஏசி போடுகிற கோடைப் பின்னேரத்தில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தான். கம்பியும் சப்ஸ்டேஷனும் திணறுகிற நேரமும் அதுதான். மத்தியானம் எல்லோருடைய கூரையிலும் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும், எடுக்க ஆளில்லை. பின்னேரம் எல்லோரும் பானையோடு வந்து நிற்பார்கள்.

“சப்ஸ்டேஷன் ஆக்களோட கதைப்பம். தலைமை அலுவலகத்துக்கு நான் பதில் சொல்லுறன்” என்றார் கிரெக்.

5. ஐஸ் பெட்டிக் கணக்கு

மின் விநியோகப் பக்கத்திலிருந்து வந்த பிளானிங் எஞ்சினியரின் பெயர் சுதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. வந்து கை கொடுத்ததும் தமிழில் சொன்னாள்: “அண்ணா, அன்னிக்கு மீட்டிங்ல நான் ரெண்டாவது வரிசைல தான் இருந்தேன். அந்த ஆன்ட்டி சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. நீங்க பண்ணின டிரான்ஸ்லேஷனும் புரிஞ்சுது.”

என் முகம் எங்கே போய் ஒளிந்தது என்று எனக்கே தெரியாது.

சுதா ஒரு வழி வைத்திருந்தாள். டேட்டா சென்டர் பிடித்து வைத்திருக்கும் இருபதைப் பதினான்காகக் குறைக்க வேண்டும். அது மட்டும் போதாது: சப்ஸ்டேஷன் ஏற்கெனவே தாங்குவதற்கு மேல் எழுதிக் கொடுத்திருந்ததால், விடுபடுகிற ஆறில் பெரும்பகுதி அந்தக் குறையை அடைக்கவே போய், கொஞ்சம்தான் மிஞ்சும். கடும் வெயில் நாட்களில், பின்னேரம் அவர்கள் ‘சிக்னல்’ அனுப்பினால், இரண்டு மணித்தியாலத்துக்கு நாங்கள் கம்பியிலிருந்து ஆறு மெகாவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மிச்சத்தை, புது ஹோலுக்கென்று நாங்கள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த மூன்று பற்றரிக் கொன்ரெய்னர்கள் தர வேண்டும். பற்றரியை மத்தியானச் சோலரில் நிரப்ப வேண்டும். டீசல் ஜெனரேற்றரைத் தொடக் கூடாது. அது ஆபத்துக்கு மட்டும்.

“அந்த ரெண்டு மணி நேரம் ஆன்ட்டியோட ஃப்ரீசரும் கரன்ட் எடுக்கக் கூடாதுங்க. இந்தக் கோடையில மூணு சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் தாக்குப் பிடிச்சுட்டா நிரந்தரமா எழுதிடலாம். ஒரு தடவை ஆறைத் தாண்டினாலும் என்னால மேல பேச முடியாதுங்க.”

லீஸை அந்த மூன்று சோதனையும் முடியும்வரை நீட்டித் தரக் கட்டடச் சொந்தக்காரர் சம்மதித்தார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. தற்காலிக இணைப்பில் அக்கா ஒரு குளிர் அறையைக் கட்டி முடித்தார்.

இரண்டு மணித்தியாலம் ஃப்ரீசரை நிற்பாட்டுவது என்றால் பயந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நானும் சுதாவும் போய்ச் சொன்னோம். அக்கா சிரித்தார்.

“பிள்ளை, எங்கட அப்பு மீன் வியாபாரி. மன்னாரில இருந்து கொழும்புக்கு லொறி போகும். லொறிக்குள்ள என்ன கரண்டோ இருந்தது? ஐஸ். மத்தியானமே நல்லா உறைய வச்சிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டா அது தன்ர பாட்டில கிடக்கும். மீனை இறக்கினாப் பிறகு ஐஸ் தேடுறவன் வியாபாரி இல்லை.”

“இது தான் ஆன்ட்டி எங்க பாடப் புத்தகத்துல இருக்கு. நாப்பது பக்கத்துக்கு” என்றாள் சுதா.

நான் கொப்பியை எடுத்தேன். எழுதும்போதே வேறொன்று பிடிபட்டது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் குளிர்ந்த தண்ணீர்த் தாங்கிகள் இரண்டு நிற்கின்றன. ஹோலைக் குளிராக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் போகிறது. அதுவும் ஒரு ஐஸ் பெட்டிதானே? மத்தியானம் வெயில் மின்சாரம் மலிந்து கிடக்கும்போதே அதை வழக்கத்தைவிடக் குளிராக்கி வைத்தால், பின்னேரம் சில்லர் என்கிற குளிரூட்டி இயந்திரங்களை இளைப்பாற விடலாம். கிரெக்கிடம் சொன்னேன். “பற்றரி இருக்கும்போது அது எதுக்கு?” என்றார். “ஒரு கை கூட” என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, “செய்து பாப்பம்” என்றேன். பிள்ளைகளே, ஒரு கை கூடப் போடுவது பிழையில்லை. உன் பானையில் போடு, மற்றவனுடைய அரிசியில் எடுத்துப் போடாதே. இதை நான் ஐம்பத்தெட்டு வயதில் படித்தேன்.

6. நாற்பத்திரண்டு டிகிரி

முதல் இரண்டு சோதனையும் சோதனை மாதிரியே இருக்கவில்லை. சிக்னல் வந்தது, பற்றரி தோள் கொடுத்தது, இரண்டு மணித்தியாலம் போனது. கிரெக் விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது சிக்னல் வந்த அன்று நாற்பத்திரண்டு டிகிரி. கார் ஸ்ரியரிங்கைப் பிடிக்க முடியாது. பின்னேரம் ஐந்தரைக்குச் சிக்னல். பற்றரிகள் ஏற்றுக்கொண்டன. மீற்றர் எட்டரையிலிருந்து இறங்கி ஐந்தில் வந்து நின்றது. நானும் கிரெக்கும் திரைக்கு முன்னால் இருந்தோம்.

ஆறே கால் இருக்கும். இரண்டாவது கொன்ரெய்னரில் சிவப்பு விளக்கு. பற்றரியைக் குளிராக்கும் ஃபான் நின்றுவிட்டது. பற்றரிக்கும் சூடு ஆகாது. தன்னைக் காப்பாற்ற அது கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது. அது குறைக்கக் குறைக்க, மீற்றர் ஏறியது. ஐந்தரை. ஐந்து புள்ளி ஏழு.

“டீசலை ஸ்ராட் பண்ணட்டா?” கிரெக்கின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

“பொறுங்கோ.”

“ஐந்து புள்ளி எட்டு, தாஸ்.”

டீசல் ஓடினால் ஹோலுக்கு ஒன்றும் நடக்காது. சோதனை தோற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு பெண்கள் ஒரு பஸ்ஸை இழப்பார்கள். என் மனத்தில் அப்போது மெகாவாட் இல்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்தும் போகாமல், குளிர் அறைக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பதாகச் சொன்ன அந்த ஆறு பேரும்தான் இருந்தார்கள்.

“தாங்கித் தண்ணியைத் திறப்பம். சில்லர் ரெண்டையும் நிப்பாட்டுவம்.”

“ரெண்டையுமா? ஹோல் சூடாகும்.”

“ஆகும். இருபத்தேழு டிகிரிக்கு மேல போகாது. வாடிக்கையாளரோட போட்ட ஒப்பந்தத்தில இருபத்தேழு வரைக்கும் விட்டிருக்கு. தண்ணி மத்தியானத்தில இருந்து குளிர்ந்து கிடக்குது.”

கிரெக் என்னைப் பார்த்தார். பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். சிறுபிள்ளை மாதிரி. “செய்” என்றார்.

சில்லர்கள் நின்றன. இவ்வளவு வருடம் கேட்டுக் காது பழகிய இரைச்சல் திடீரென்று அடங்கினால் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. மீற்றர் ஐந்து புள்ளி ஒன்பதைத் தொட்டது. அங்கேயே நின்றது. யோசித்தது. பிறகு சட்டென்று இறங்கியது. நான் டூல் பையை எடுத்துக்கொண்டு கொன்ரெய்னருக்கு ஓடினேன். ஃபானுக்கு மின்சாரம் விடுகிற கொன்ராக்ரர் சுவிட்ச் எரிந்திருந்தது. ஸ்டோரில் மாற்று இருந்தது. முதலில் ஃபானுக்குப் போகிற மின்சாரத்தைப் பாதுகாப்பாக நிற்பாட்டி, பூட்டுப் போட்டு, பிறகுதான் கை வைத்தேன். வியர்வை கண்ணுக்குள் ஓடினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஃபான் சுற்றத் தொடங்கும்போது ஏழே கால். இன்னும் பதினைந்து நிமிடம். அது தன் பாட்டில் போனது.

ஏழரைக்கு வெளியே வந்தேன். கோடை நேரம், வெயில் இன்னும் இறங்கவில்லை. வேலிக்கு மற்றப் பக்கம் அக்கா தலையில் துவாயோடு நின்றார்.

“என்ன தம்பி, எத்தினை?” என்று கத்தினார்.

“இருபத்தாறரை! உங்களுக்கு?”

“மைனஸ் பதினெட்டில தொடங்கி மைனஸ் பதினேழு! அந்த மனுசன் டோனி கட்லட் எடுக்க எண்டு வந்தவர். கதவில கை வச்சா விரல் இருக்காது எண்டு சொல்லி எங்கட பிள்ளையள் துரத்தினாளவை!”

டோனி எங்கள் இருவருக்கும் எதிரே, வான் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். எலக்ட்ரிக் வான்களுக்குச் சார்ஜர் போடக் கேட்டுவிட்டு, அவரும் மின்சாரத்துக்கான அதே வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் வந்த கிரெக், “என்ன சொல்லுறா?” என்றார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். விரல் உட்பட.

7. கையெழுத்து

அடுத்த கிழமை சுதா நிரந்தர இணைப்புக்கான பத்திரங்களோடு வந்தாள். அக்காவின் பக்கிங் மேசையைத் துடைத்து, அதன்மேல் விரித்தோம். கிரெக் எங்கள் இருபதைப் பதினான்காக்கிய தாளில் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தார். கேற்றடிப் பலகையையும் மாற்றச் சொல்லியிருந்தார். ‘நூறு வீதம்’ போய், ‘மத்தியான வெயிலைப் பின்னேரத்துக்குச் சேமிக்கிறோம்’ என்று வரப்போகிறது. தலைமை அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லையாம். அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஆறு பெண்களும் ரோல்ஸ் சுற்றுவதை நிற்பாட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். “ஏனடி அழுறாய், கரண்ட் வந்தா வேலை கூடும், அதுக்கோ?” என்று மற்றவள் நக்கலடித்தாள்.

சுதா, மெற்றில்டா அக்காவின் விண்ணப்பத்தைப் புரட்டினாள். நான் நிரப்பிய எழுத்து. ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

“ஆன்ட்டி, இதுல குளிர் அறை ரெண்டுன்னு இருக்கே. ரெண்டாவது எப்போ கட்டறீங்க?”

“அது… பிறகு, பிள்ளை. இப்ப ஒண்டு காணும். இடம் கிடந்தா நல்லம்தானே எண்டு போட்டது.”

“சரிங்க ஆன்ட்டி. நான் கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டுமே உங்களுக்கு எழுதறதுல தப்பு இல்ல. வரிசைல நீங்க தான் முன்னாடி. ரெண்டு எழுதிட்டா மிச்சம் இடம் இருக்காது, டோனியோட சார்ஜர் அடுத்த சப்ஸ்டேஷன் வரைக்கும் வெயிட் பண்ணட்டும்.”

எதிர்ப்பக்கம் கராஜ் வாசலில் டோனி ஒரு வானின் கீழிருந்து எழும்பி, எங்களைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இங்கே தன் சார்ஜரைப் பற்றியும் பேச்சு நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்கு இணைப்புக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுதிய இலக்கத்தைப் பார்த்தேன்.

“தம்பி.”

“என்ன அக்கா.”

“நானும் யன்னலுக்குள்ளால போட்டிருக்கிறன், என்ன?”

“எழுதினது நான்தான் அக்கா.”

“ஓமோம், நீர் எழுதினீர். லேஞ்சி என்ரதுதானே.”

அக்கா சுதாவின் கையிலிருந்த பேனையை வாங்கி, ‘இரண்டு’ என்றிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் நாலு கட்லட் போட்டு, றோட்டைக் கடந்து டோனியிடம் போனார்.